‘ஹைப்ரிட்’ சிறு கார்: பெயரும் பொருளும்

 இத்திங்கள் இப்பகுதியில் வேறொரு பொருளைப் பற்றி எழுத எண்ணியிருந்தேன். அதற்குள் எங்கள் குடியிருப்பிலேயே நடந்த ஒரு நிகழ்ச்சி என் பேனாவைத் திருப்பிவிட்டது.

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் பெரியவர் ஒருவர் வசிக்கிறார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளவயதில் பம்பாய்ப் பக்கம் வந்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. மதினிக்கு வாரம் இரு முறை டயாலிசிஸ் சிகிச்சை நடக்கிறது. ஆட்டோவில் குலுங்கிப் போய்ச் சோர்ந்து திரும்புவதும், மழைக்காலத்தில் வாடகைக் கார் கிடைக்காமல் மருத்துவமனை வாசலில் காத்துக் கிடப்பதும் அவருக்குத் தாங்கவில்லை. பணி ஓய்வின்போது வந்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, ஒருவர் ஓட்டிய சிறு கார் ஒன்றை வாங்கிவிடத் தீர்மானித்தார். மகனுக்கு வண்டி ஓட்டத் தெரியும்.

தரகர் ஒருவர் இரண்டு கார்களைக் காட்டினார். இரண்டும் 2020ஆம் ஆண்டில் பதிவான மாருதி சுசுகி பலேனோ. ஒன்று சாதாரணமானது. மற்றொன்றின் பின்புறத்தில் ‘ஸ்மார்ட் ஹைப்ரிட்’ என்று பொறித்திருந்தது. இதற்கு விலை 60,000 ரூபாய் அதிகம். அண்ணாச்சி பத்தாயிரம் முன்பணமும் கொடுத்துவிட்டு, அன்று மாலை மிகுந்த மகிழ்ச்சியோடு என்னிடம் வந்தார்.

“தம்பி, ஊருக்குள்ள ஓடும்போது பெட்ரோலே வேண்டாமாம், கரண்டுலயே ஓடுமாம். தரகர் சொல்லுதார். கூடக் குடுக்கிற அறுபதாயிரமும் ஒரே வருசத்துல பெட்ரோல்லயே திரும்பிருமாம்லா!”

எனக்கு என்ன சொல்வதென்று தோன்றவில்லை. அந்தக் கார் நல்ல கார்; தரகர் சொன்ன சொல்தான் தவறு. அண்ணாச்சியைப் போல இன்னும் எத்தனையோ குடும்பங்கள் இந்தச் சொல்லில் மயங்கக்கூடும். ஆகவே, அன்று இரவு அவருக்கு விளக்கியதை இங்கே சற்று ஒழுங்காக எழுதுகிறேன்.

ஹைப்ரிட் என்றால் கலப்பு. கலப்பின நெல், கலப்பினப் பசு என்று ஊரில் சொல்வது போலத்தான். மோட்டார் தொழிலில், பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் ஒரே வண்டியில் சேர்ந்து உழைத்தால் அந்த வண்டிக்கு இப்பெயர் இடுகிறார்கள். ஆனால் இந்தக் கலப்பில் இரு வகை உண்டு. முதல் வகையை ‘ஸ்ட்ராங் ஹைப்ரிட்’ என்பர். டொயோட்டா நிறுவனம் 1997இல் ஜப்பானில் வெளியிட்ட ப்ரியஸ் இவ்வகைக்கு முன்னோடி. நம் நாட்டில் 2022இல் வந்த கிராண்ட் விட்டாராவின் ஒரு பிரிவும் இவ்வகையே. இவற்றில் மின் மோட்டார் பெரிது. பாட்டரி நூற்றுக்கும் மேற்பட்ட வோல்ட் உடையது. எஞ்சின் ஓய்ந்திருக்கும்போது, சிறிது தூரம் மின்சாரத்தாலேயே வண்டி ஓடும்.

இரண்டாம் வகை ‘மைல்டு ஹைப்ரிட்’. அண்ணாச்சி பார்த்த பலேனோ இவ்வகையைச் சேர்ந்தது. இதில் உள்ள மோட்டார் வண்டியைத் தனியாக ஓர் அடிகூட இழுத்துச் செல்லாது. எஞ்சினுக்குக் கை கொடுப்பது மட்டுமே அதன் வேலை.

ரயில்வேயில் வேலை செய்பவன் ஆதலால் எனக்குத் தெரிந்த உவமை ஒன்றைச் சொல்கிறேன். நாகர்கோவில் வண்டியில் ஊருக்குப் புறப்படும்போது கர்ஜத் நிலையத்தில் வண்டி சற்று நேரம் நிற்பதை நீங்கள் அறிவீர்கள். நாம் வடாபாவ் வாங்கிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில், வண்டியின் வால்பக்கத்தில் துணை எஞ்சின்களைப் பூட்டுவார்கள். இவற்றை ‘பாங்கர்’ என்பது எங்கள் வழக்கு. அங்கிருந்து லோணாவளா வரை 28 கிலோ மீட்டர் மலையேற்றம். செங்குத்தான இடங்களில் 37 அடி தூரத்துக்கு ஓர் அடி உயரம் ஏறவேண்டும். முன்னால் உள்ள எஞ்சின் இழுக்க, பாங்கர் பின்னின்று தள்ளும். லோணாவளா வந்ததும் அதைக் கழற்றிவிடுவார்கள். நம்மை ஊர் கொண்டு சேர்ப்பது முன்னால் உள்ள எஞ்சினே. மைல்டு ஹைப்ரிட் காரின் மோட்டாரும் இத்தகைய பாங்கர்தான். அதுவும் மிகச் சிறிய பாங்கர்.

இனி, காரின் உள்ளே பார்ப்போம். பலேனோ 2015 அக்டோபரில் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. நீளம் 3,995 மில்லி மீட்டர். அதாவது 4 மீட்டருக்கு 5 மில்லி மீட்டர் குறைவு. இந்தக் குறைவு தற்செயலானதன்று. 4 மீட்டருக்கு மேற்படாத நீளமும், பெட்ரோல் எஞ்சினாயின் 1,200 கன சென்டி மீட்டருக்கு மேற்படாத கொள்ளளவும் உடைய கார்களுக்கே நம் நாட்டில் வரிச் சலுகை உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் இத்தகைய சிறு கார்களுக்குச் சரக்கு வரி 18 சதவீதம். பலேனோவின் எஞ்சின் கொள்ளளவு 1,197. கணக்கைக் கண்முன் வைத்துக்கொண்டே காரை வரைந்திருக்கிறார்கள்! பெட்ரோல் தொட்டி 37 லிட்டர் கொள்ளும். பின்புறப் பெட்டி 339 லிட்டர். ஊருக்குப் போகும் குடும்பத்தின் இரண்டு பெரிய பெட்டிகளுக்குப் போதும்.

ஹைப்ரிட் பிரிவு 2019 ஏப்ரலில் வந்தது. அதில் ‘டூயல்ஜெட்’ என்னும் புதிய எஞ்சினைப் பொருத்தினார்கள். நான்கு சிலிண்டர், ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோலைத் தூவும் குழல் இரண்டு. இரண்டு வழியாகத் தூவுவதால் பெட்ரோல் நுண்துளிகளாகி, காற்றோடு நன்றாகக் கலந்து எரிகிறது. சாதாரணப் பலேனோவின் பழைய எஞ்சின் 83 குதிரைத் திறன் உடையது. இது 90 குதிரைத் திறன். அதே ஆண்டு ஜூனில் டொயோட்டா நிறுவனம் வெளியிட்ட கிளான்சா என்பதும் பலேனோவே. அதன் ஒரு பிரிவிலும் இதே ஏற்பாடு இருந்தது.

எஞ்சினோடு சேர்ந்த மின் ஏற்பாட்டில் உறுப்புகள் இரண்டே. ஒன்று ஐ.எஸ்.ஜி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மோட்டார். எல்லாக் கார்களிலும் பாட்டரிக்கு மின்சாரம் ஏற்ற ஆல்டர்னேட்டர் ஒன்று உண்டு. நம் மெக்கானிக்குகள் டைனமோ என்பார்கள். அந்த இடத்தில்தான் இது உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினோடு ஒரு பெல்ட்டால் பிணைந்திருக்கிறது. எஞ்சின் இதைச் சுற்றினால் மின்சாரம் பிறக்கும். மின்சாரத்தை இதற்குக் கொடுத்தால் இது எஞ்சினைச் சுற்றிவிடும். ஒரே கருவிக்கு இரண்டு வேலை.

மற்றொன்று, முன் இருக்கையின் அடியில் உள்ள சிறிய லித்தியம் அயன் பாட்டரி. முன்மூடிக்கு அடியில் வழக்கமான ஈயப் பாட்டரியும் தனியே இருக்கிறது. இரண்டும் 12 வோல்ட்டுதான். “இருக்கைக்கு அடியில் பாட்டரி என்கிறீர்களே, ஷாக் அடிக்காதா?” என்று மதினி கேட்டார்கள். 12 வோல்ட்டில் அந்த அச்சம் தேவையில்லை. ஆனால் பழக்கமில்லாதவர் கையில் அந்தப் பாட்டரியைக் கழற்றக் கொடுக்கக் கூடாது. குறுக்கு இணைப்பு ஏற்பட்டால் சூடேறித் தீங்கு விளையும்.

ஓட்டத்தில் இந்த ஏற்பாடு மூன்று வேலைகள் செய்கிறது. முதல் வேலை, சிக்னலில் எஞ்சினை நிறுத்தி எழுப்புவது. வண்டி நின்று, கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து, கிளச்சிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் தானே ஓய்ந்துவிடும். மறுபடி கிளச்சை மிதித்தவுடன் பெல்ட்டின் வழியாக மோட்டார் எஞ்சினைச் சுற்றிவிடும். சாவி திருப்பும்போது கேட்கும் கரகரப்பு இதில் இல்லை.

இரண்டாம் வேலை, வீணாகும் விசையைப் பிடிப்பது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், ஓடுகின்ற வண்டியின் விசையே மோட்டாரைச் சுற்றி மின்சாரம் உண்டாக்குகிறது. பிரேக்கில் சூடாகிக் காற்றோடு போகவேண்டிய ஆற்றலில் ஒரு பகுதி பாட்டரியில் சேர்கிறது. மெயில் வண்டிகளை இழுக்கும் டபிள்யூ.ஏ.பி.-7 மின் எஞ்சினும் இறக்கத்தில் இப்படித்தான் மின்சாரத்தை மேலே உள்ள கம்பிக்குத் திருப்பி அனுப்புகிறது.

மூன்றாம் வேலை, தள்ளிவிடுவது. வேகம் எடுக்கும்போது, சேர்த்துவைத்த மின்சாரத்தைக் கொண்டு மோட்டார் சில விநாடிகள் எஞ்சினுக்குத் துணை செய்கிறது.

இந்தத் துணை எவ்வளவு என்பதுதான் கேள்வி. இதே வகை ஏற்பாட்டோடு ஜப்பானில் விற்கும் ஸ்விப்ட் காரின் மோட்டாருக்குக் குறித்துள்ள திறன் 2.3 கிலோவாட். ஏறக்குறைய மூன்று குதிரைத் திறன். பலேனோவுக்கும் இதையே வைத்துக்கொண்டால், தொண்ணூறு குதிரைகளுக்குப் பக்கத்தில் மூன்று குதிரைகள்! பிடிக்கும் ஆற்றலையும் கணக்கிடலாம். ஆயிரம் கிலோ எடையுள்ள வண்டி 50 கிலோ மீட்டர் வேகத்தில் ஓடும்போது அதனிடம் உள்ள இயக்க ஆற்றல் 96 கிலோ ஜூல். வண்டியைப் பத்து விநாடியில் நிறுத்துகிறோம் என்க. 2.3 கிலோவாட் வீதம் பத்து விநாடியில் பிடிபடுவது 23 கிலோ ஜூல். கால் பங்குக்கும் குறைவு. மிச்சம் பழையபடி பிரேக் சூட்டில்தான் போகும்.

மைலேஜ் கணக்குக்கு வருவோம். புணேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. சோதனை நிலையத்தின் கணக்குப்படி சாதாரணப் பலேனோ லிட்டருக்கு 21.01 கிலோ மீட்டர். ஹைப்ரிட் பலேனோ 23.87. வேறுபாடு 13.6 சதவீதம். இதைக் கண்டவுடன் எல்லாப் புகழும் மின்சாரத்துக்கே என்று தோன்றும். ஆனால் எஞ்சினும் மாறியிருக்கிறது என்பதை மறக்கலாகாது. 2022 பிப்ரவரியில் புதிய பலேனோ வந்தபோது டூயல்ஜெட் எஞ்சின் இருந்தது. நின்ற இடத்தில் எஞ்சினை ஓய்விக்கும் வசதியும் இருந்தது. தள்ளிவிடும் மோட்டாரும் லித்தியம் பாட்டரியும் மட்டும் இல்லை. அதன் கணக்கு 22.35. ஆக, கூடிய மைலேஜில் ஏறக்குறையப் பாதி, ஹைப்ரிட் இல்லாமலே கிடைத்துவிட்டது.

இதைவிடத் தெளிவான சான்று ஜப்பானில் இருக்கிறது. 2023 டிசம்பரில் அங்கே வந்த ஸ்விப்ட், ஒரே எஞ்சின், ஒரே தானியங்கி கியர் என்ற அமைப்பில், ஹைப்ரிட் உள்ளதும் இல்லாததுமாக இரு வகையாக விற்பனைக்கு வந்தது. அந்நாட்டுச் சோதனையில் இல்லாதது 23.4 கிலோ மீட்டர், உள்ளது 24.5. வேறுபாடு 5 சதவீதத்துக்குள். 2024 மே திங்களில் அதே ஸ்விப்ட் நம் நாட்டுக்கு வந்தபோது ஹைப்ரிட் மோட்டாரை விட்டுவிட்டே கொண்டுவந்தார்கள். அரசாங்கமும் இந்த வேறுபாட்டை உணர்ந்தது போலும். 2015இல் தொடங்கிய மின் வாகன உதவித் திட்டத்தில் மைல்டு ஹைப்ரிட் கார்களுக்கும் மானியம் கிடைத்துவந்தது. 2017 ஏப்ரல் 1 முதல் அவற்றை அத்திட்டத்திலிருந்து நீக்கிவிட்டது.

இனி நம் இல்லறக் கணக்கு. மாதம் 1,000 கிலோ மீட்டர் ஓட்டும் குடும்பம் ஆண்டுக்கு 12,000 ஓட்டும். நகர நெரிசலில் லிட்டருக்கு 16 கிலோ மீட்டர் கிடைப்பதாகவும், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுச் செலவு 750 லிட்டர், அதாவது 75,000 ரூபாய். 13.6 சதவீதம் கூடுதல் மைலேஜ் முழுவதும் கிடைத்தால் 90 லிட்டர் மிச்சம், 9,000 ரூபாய். ஹைப்ரிட்டால் மட்டும் கிடைக்கும் 5 சதவீதத்தைப் பார்த்தால் 36 லிட்டர், 3,600 ரூபாய். 2019இல் புதிதாக வாங்கியவர்கள் சாதாரணப் பலேனோவைவிட ஏறக்குறைய 90,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தார்கள். முழு மிச்சமும் கிடைத்தாலும் அந்தப் பணம் திரும்பப் பத்தாண்டு ஆகும். அண்ணாச்சியின் 60,000 திரும்ப, ஏழாண்டுக்குச் சற்றுக் குறைவாகும். தரகர் சொன்ன ஒரே வருடம் எங்கே, இந்த ஏழு வருடம் எங்கே!

நகரத்தில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிறவர்களுக்கே இதன் பயன். புணே விரைவுச் சாலையில் நில்லாமல் ஓடும்போது துணை மோட்டாருக்கு வேலை குறைவு. நம் வெயிலில் இன்னொரு சிக்கலும் உண்டு. எஞ்சின் ஓய்ந்தால் ஏ.சி.யின் கம்ப்ரசரும் ஓய்ந்துவிடும். உள்ளே புழுக்கம் ஏறியதும் எஞ்சின் மறுபடி தானே எழுந்துகொள்ளும். ஆகவே மே மாதத்தில் ஏ.சி.யோடு போகும்போது மிச்சமும் குறையும்.

இத்தகைய காரைக் கைமாற்றாக வாங்குவோர் கவனிக்க வேண்டியவை சில. எஞ்சின் நன்றாகச் சூடேறியபின், ஏ.சி.யை அணைத்துவிட்டு, வண்டியை நிறுத்திப் பாருங்கள். தானே ஓயவேண்டும்; கிளச்சை மிதித்ததும் தடையின்றி எழவேண்டும். முன்மூடிக்கு அடியில் உள்ள ஈயப் பாட்டரி, அடிக்கடி நின்று எழும் வண்டிகளுக்கென்றே செய்த தனி வகை. விலை குறைவு என்று சாதாரணப் பாட்டரியை மாட்டியிருந்தால் அது நாள்பட உழைக்காது. மோட்டாரின் பெல்ட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மற்ற கார்களின் பெல்ட்டைவிட இதற்குப் பளு அதிகம். முன் இருக்கையின் அடியில் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். இருக்கைத் தண்டவாளத்தில் துருவோ, விரிப்பின் அடியில் வண்டலோ இருந்தால், வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கக்கூடும். லித்தியம் பாட்டரி இருக்கும் இடமும் அதுவே. அத்தகைய வண்டியை விட்டுவிடுவதே நலம். கடைசியாக, லித்தியம் பாட்டரிக்கும் மோட்டாருக்கும் மாற்றுவிலை என்ன என்று நிறுவனத்தின் சேவை நிலையத்தில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பத்தாண்டு மிச்சத்தை அந்த ஒரு சீட்டு விழுங்கிவிடலாம்.

மைலேஜைவிடப் பெரிய செய்தி ஒன்றையும் மறைக்கக் கூடாது. இலத்தீன் அமெரிக்க நாடுகளுக்கான மோதல் சோதனை அமைப்பு, இந்தியாவில் செய்த இரண்டு காற்றுப் பை பலேனோவை 2021இல் சோதித்து, ஒரு நட்சத்திரமும் தரவில்லை. நோயாளியை ஏற்றிச் செல்லும் குடும்பம் இதையும் எண்ணிப் பார்த்து, வேகத்தில் நிதானமும், பின் இருக்கையிலும் பெல்ட்டும் பழகிக்கொள்ள வேண்டும்.

இத்தனையும் கேட்டு அண்ணாச்சியின் முகம் வாடிவிட்டது. “அப்போ முன்பணம் போச்சா தம்பி?” என்றார். “வண்டியைப் பார்த்துவிட்டுச் சொல்வோம், அண்ணாச்சி” என்றேன்.

ஞாயிறு காலை அவரும் மகனும் நானும் போனோம். இருக்கையின் அடி சுத்தமாக இருந்தது. வெள்ளம் கண்ட வண்டியன்று. அரைமணி நேரம் ஓட்டினோம். எத்தனை முறை நிறுத்தினாலும் எஞ்சின் தானே ஓயவில்லை. “வெயில் காலத்தில் அப்படித்தான்” என்றார் தரகர். ஏ.சி.யை அணைத்தோம், அப்போதும் ஓயவில்லை. அங்கிருந்தே சேவை நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சோதிக்கச் செய்தோம். லித்தியம் பாட்டரியும் மோட்டாரும் நல்ல நிலையில் இருந்தன. ஈயப் பாட்டரிதான் வேறு வகை, அதுவும் பழையது. சீட்டில் அதை எழுதிக் கொடுத்தார்கள்.

அண்ணாச்சி அந்தச் சீட்டைத் தரகர் முன் வைத்தார். “ஹைப்ரிட்டுன்னுதானே அறுபதாயிரம் கூடக் கேட்டீரு? அந்த ஹைப்ரிட்டு வேலை செய்யலையே!” என்று அமைதியாகச் சொன்னார். வாக்குவாதம் ஒரு மணி நேரம் நடந்தது. முடிவில், சாதாரணப் பலேனோவின் விலைக்கே அந்த வண்டி அண்ணாச்சிக்கு வந்தது. சரியான வகை ஈயப் பாட்டரியை அவரே தம் செலவில் மாட்டிக்கொண்டார். மறுநாள் முதல் எஞ்சின் சிக்னலில் ஒழுங்காக ஓய்ந்து எழுகிறது.

இப்போது மதினி வாரம் இரு முறை அதில்தான் போய்வருகிறார்கள். முதல் நாள் சிக்னலில் எஞ்சின் ஓசை அடங்கியதும், “வண்டி நின்னு போச்சே!” என்று பதறினார்களாம். “பயப்படாதே, பின்னால பாங்கர் இருக்கு” என்றாராம் அண்ணாச்சி.

கார் வாங்க எண்ணும் அன்பர்களே, வண்டியின் உடலுக்கும் எஞ்சினுக்கும் காகிதங்களுக்கும் விலை கொடுங்கள். பின்புறத்தில் பொறித்த சொல்லுக்குத் தனி விலை கேட்டால், ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுவிட்டுக் கொடுங்கள். அடுத்த திங்களில் மீண்டும் சந்திப்போம். வணக்கம்.